ஊளைப் பெட்டி

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. யாராவது பக்கவாட்டிலிருந்து கூப்பிட்டால், லாரி ரிவர்ஸ் எடுப்பது மாதிரி உடம்பு மொத்தத்தையும் திருப்ப வேண்டியிருந்தது. காலையில் சிமெண்டு இறக்கும்போது தூக்கிவிட்டவன் கை அவசரப்பட்டதில் மூட்டை தலையில் கோணலாக உட்கார்ந்துவிட்டது. கோணலாக உட்கார்ந்த மூட்டையை நடுவழியில் சரிசெய்ய முடியாது. கொண்டுபோய் இறக்கத்தான் முடியும். அவள் இறக்கினாள். கூடவே கழுத்துக்குள் ஏதோ ஒன்று நறுக்கென்று இறங்கியது.

அதற்குப் பிறகும் லாரி காலியாகும்வரை சுமந்தாள். பாதியில் விட்டால் பாதிக் கூலிதான்.

கிடங்கிலும், குடியிருக்கிற பள்ளத்திலும் அவளுக்குப் பெயர் சும்மாடு. மூட்டைக்கும் மண்டைக்கும் நடுவில் வைக்கிற துணிச்சுருள். பாரத்தைத் தான் வாங்கிக்கொண்டு தலையைக் காப்பாற்றுகிற சாமான். சுமைக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. கிடங்கு எழுத்தர் ஏசினால் முதல் ஏச்சு அவளுக்கு, கூலி குறைந்தால் முதல் சண்டை அவளுடையது. அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இடுப்பில் செருகியிருந்த பித்தளை வில்லையில் மட்டும் இருந்தது. அந்த வில்லை இல்லாமல் கிடங்குக்குள் யாரும் ஒரு மூட்டையைத் தொட முடியாது.

தம்பி அவளைக் கைவண்டியில் உட்காரவைத்து வீட்டுக்குத் தள்ளிவந்தான்.

"ராணி மாதிரி போறே அக்கா."

"ராணிக்கு இப்படியா கழுத்து இருக்கும்? பொணம் மாதிரின்னு சொல்லு, பொருத்தமா இருக்கும்."

"பொணம் இவ்வளவு பேசாது."

வண்டி குலுங்காமல் உருண்டது. இரண்டு சக்கரத்திலும் மேட்டுத்தெரு சைக்கிள் கடைக்காரர் போட்டுக்கொடுத்த புது டயர். காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பெருமழை அடித்த அன்று அவருடைய அம்மா வாய் கோணி விழுந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இந்த வண்டியைத்தான் சும்மாடு கொடுத்தாள். கூடத் தள்ள ஆளும் கொடுத்தாள். கிழவி பிழைத்துக்கொண்டாள், வலது கை மட்டும் திரும்பவில்லை. "ஆபத்துக்கு வண்டி குடுத்தவங்ககிட்ட டயருக்குக் காசு வாங்கினா என் கை விளங்குமா?" என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னது அவளுக்கு அவ்வப்போது ஞாபகம் வரும். வரும்போது மனசு குளிரும். அவளை யாரும் லேசில் புகழ்வதில்லை.

வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தாள். மருமகள் சூடு செய்த துணியைக் கழுத்தில் வைத்து அமுக்கினாள்.

"மெதுவாடி. பழைய பாக்கியெல்லாம் சேர்த்து அமுக்குறியா?"

"அதுக்கெல்லாம் ஒரு கழுத்து பத்தாது அத்தை."

அப்போதுதான் மேட்டிலிருந்து விசில் வந்தது. நீளமாக ஒன்று, வெட்டி ஒன்று. வெள்ளை வேன் வருகிறது என்று அர்த்தம்.

சும்மாடு எழப் பார்த்தாள். கழுத்து விடவில்லை. "சுவிட்சு, சுவிட்சு" என்றாள். மருமகள் கையெல்லாம் தைலம். துடைக்கத் துணி தேடினாள். துணி மாமியார் கழுத்தில் இருந்தது. மருமகள் ஓடிப்போய் முழங்கையால் சுவிட்சைத் தட்டுவதற்குள், வாசலுக்கு வெளியே என்ஜின் நின்றுவிட்டது.

*

சுவிட்சு, கூரைமேல் இருக்கிற ஒரு பெட்டிக்கு.

பள்ளம் என்பது பழைய கல்குவாரி. மூன்று பக்கம் பாறை, நான்காவது பக்கம் கிடங்கின் தகரச்சுவர். நடுவில் இரண்டு வரிசை அறைகள். உள்ளே போனால் செல்போன் ஊமையாகிவிடும். மேலே ஏறினால் பேசும். செல்போன் கோபுரம் மேட்டுத்தெருவுக்கு அப்பால் குன்றின்மேல் நிற்கிறது; மேட்டுக்குக் கேட்கிற அதன் குரல், கிணற்றுக்குள் வெயில் விழாத மாதிரி, பள்ளத்துக்குள் விழுவதில்லை.

சிக்னல் இல்லாவிட்டால் மற்றவர்களுக்குப் பேச்சுத்தான் போகும். சுமைக்காரர்களுக்கு வேலை போகும். லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. வந்ததும் எழுத்தர் போன் அடிப்பார். முதலில் எடுக்கிற கூட்டத்துக்குச் சரக்கு. இரண்டு மூன்று மணிச்சத்தத்துக்கு மேல் அவர் காத்திருக்க மாட்டார். மேட்டில் குடியிருக்கிற இன்னொரு கூட்டத்தைக் கூப்பிட்டுவிடுவார். அதனால் பள்ளத்துக்காரர்கள் வருஷக்கணக்காக முறைபோட்டு மேட்டுச் சரிவில் போனும் கையுமாக நின்றார்கள். வெயிலிலும் பனியிலும் ஓர் ஆள். போன் அடித்ததும் அவர் மேலேயிருந்து கத்துவார், கீழே எல்லோரும் ஓடுவார்கள். செல்போன் கம்பெனிக்கு மனு மேல் மனு கொடுத்தார்கள். "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்று குறுஞ்செய்தி வந்தது, அதுவும் மேட்டுக்கு ஏறிய பிறகு.

கடைசியில் ஆளுக்கு ஒரு வாரக் கூலி போட்டு, கடைவீதி செல்போன் கடையில் அந்தப் பெட்டியை வாங்கினார்கள். வெளியே ஓர் ஆன்டெனா, உள்ளே ஓர் ஆன்டெனா, நடுவில் பெட்டி, சுருள் சுருளாக வயர். வெளியில் இருப்பது கோபுரத்தின் சத்தத்தைப் பிடிக்கும், பெட்டி அதைப் பெரிதாக்கும், உள்ளே இருப்பது வீட்டுக்குள் விடும். "அரசாங்க முத்திரையே இருக்கு பாருங்க. மாட்டுங்க, மறந்துடுங்க" என்றான் கடைக்காரன். மாட்டினார்கள். அறைக்குள்ளேயே போன் அடித்தது. அன்றைக்கு ஒருவன் படுத்துக்கொண்டே எழுத்தரிடம் "வந்துட்டோம் சார்" என்று சொன்னதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு வெள்ளை வேன் சுற்ற ஆரம்பித்தது. கூரைமேல் கம்பம் வைத்த வேன். எதையோ மோப்பம் பிடிக்கிறது என்று தெரிந்தது. மேட்டில் காவல் நிற்பவன் விசில் அடித்தால் சும்மாடு சுவிட்சை அணைப்பாள். வேன் வாசனையைத் தொலைத்த நாய் மாதிரி மேட்டிலேயே சுற்றிவிட்டுப் போய்விடும். இரண்டு தடவை அப்படித் தப்பித்தார்கள்.

இன்றைக்குக் கழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது.

*

வந்தவர் அதட்டுகிற ஆள் இல்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதட்டினால் பதிலுக்கு அதட்டலாம். நரைத்த மீசை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கையில் மீன்முள் மாதிரி ஓர் ஆன்டெனா, அதோடு சேர்ந்த சின்னத் திரை. அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு வாசல் கல்லில் உட்கார்ந்தார்.

"அம்மா, அதை மறுபடியும் போடுங்க. நான் இறங்குறப்போ கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"எதை?" என்றாள் சும்மாடு.

"நான் சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருப்பேன். எனக்கு வேற வேலை இல்ல. உங்களுக்குத்தான் போன் வரும்."

வேன் ஓட்டி வந்தவன் சிரித்தான். "சாருக்கு வீட்டுக்குப் போனாலும் ஒண்ணும் இல்ல. உக்காந்துடுவாரு."

அவள் அவரை முழு உடம்போடும் திரும்பிப் பார்த்தாள். எழுத்தர் மத்தியானச் சரக்குக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். பெட்டி அணைந்திருந்தால் சரக்கு மேட்டுக்குப் போய்விடும். இந்த மனுஷனுக்கு அது தெரிந்திருக்கிறது.

"போடுடி" என்றாள் மருமகளிடம். "ஒளிச்சு வைக்க நாம என்ன சாராயமா காய்ச்சுறோம்?"

மருமகள் போட்டாள். அவர் கையில் இருந்த கருவி கிறீச்சென்று கத்தியது. ஆன்டெனாவின் முனை நேராகக் கூரையைக் காட்டியது.

"அலைவரிசைக் கண்காணிப்பு ஆபீஸ்லேருந்து வர்றேன்" என்றார் அவர். "இந்தப் பெட்டி யாரோடது?"

"மொதல்ல என்ன விஷயம்னு சொல்லுங்க. அப்புறம் யாரோடதுன்னு பேசலாம்."

"இதை வைக்க அனுமதி வேணும். கம்பெனியைத் தவிர யாருக்கும் அந்த அனுமதி கிடையாது. உங்க பெட்டியால மேட்டுத்தெரு கோபுரமே காது அடைச்சுப்போய் நிக்குது. மேட்டுல யாருக்கும் போன் கால் நிக்க மாட்டேங்குது, பாதில அறுந்துடுது. கம்பெனி புகார் குடுத்துச்சு. தேடிக்கிட்டு வந்தேன்."

"கம்பெனி புகார் குடுத்துச்சு."

"ஆமாம்மா."

"நாங்களும் குடுத்தோம். இங்க சிக்னலே இல்லன்னு வருஷக்கணக்கா குடுத்தோம். அதுக்கு எந்த வேன் வந்துச்சு?"

அவர் மீசையைத் தடவினார். "அது எங்க பிரிவு இல்ல. எங்களுக்கு இடைஞ்சல் புகார்தான் வரும்."

"அழுத பிள்ளைக்குத்தான் பால்னு சொல்லுவாங்க. நாங்க அழுதா கேக்குறதுக்கே சிக்னல் இல்லையே சார். கம்பெனி அழுதா மட்டும் வேன் வருது."

அறைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். யாரோ "அப்படிப் போடு சும்மாட்டக்கா" என்றார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. "நான் மேல ஏறிப் பாக்கணும்" என்றார்.

*

ஏணியில் முதலில் தம்பி ஏறினான். அவனுக்கு முடிச்சு என்று பெயர். அவன் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாகக் கிடங்கில் சரித்திரம் இல்லை. பெட்டியைக் கட்டியதும் அவன்தான். ஆபீஸ்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார். கடைசியாகச் சும்மாடு. "நீ எதுக்கு அத்தை, கழுத்தை வச்சுக்கிட்டு" என்றாள் மருமகள். "கழுத்தாலயா ஏறப்போறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஓர் இரும்புக் கம்பம். அதன் உச்சியில் ஓர் ஆன்டெனா. அதற்கு ஒரு முழத்துக்குக் கீழே இன்னொன்று. நடுவில் பாலித்தீன் சுற்றிய பெட்டி. எல்லாம் இறுக்கி, வரிந்து, கிடங்கில் தார்ப்பாய் கட்டுகிற மாதிரி கட்டப்பட்டிருந்தது. ஒரு வயர்கூடத் தொங்கவில்லை.

ஆபீஸ்காரர் அதைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யார் கட்டினது?"

"நான்தான்" என்றான் முடிச்சு. குரலில் பெருமை. "புயலடிச்சாலும் அசையாது."

"இதோட நீளமா வயர் குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தான். வெட்டிட்டேன். மிச்சமா விட்டா காத்துல ஆடும் சார். தொங்குற கயிறு ஆளை அடிக்கும். எங்க தொழில்ல மிச்சம் விடுறதே கிடையாது."

"உள்ள வைக்க வேண்டியதை ஏன் மேலேயே வச்சீங்க?"

"உள்ள வச்சா ஒரு ரூமுக்குத்தான். மேல வச்சா தெருவிளக்கு மாதிரி ரெண்டு வரிசைக்கும் விழும்ல?"

அவர் சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் நின்றார். பிறகு சொன்னார். "மேடையில மைக்கைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் முன்னாடி வச்சா என்ன ஆகும்?"

"ஊளையிடும்."

"அதேதான். கீழ இருக்கிறது விடுற சத்தத்தை மேல இருக்கிறது பிடிக்குது. பெட்டி அதைப் பெருசாக்கி மறுபடியும் விடுது. மறுபடியும் பிடிக்குது. ராப்பகலா ஊளை. உங்க காதுக்குக் கேக்காது. கோபுரத்துக்கு இது ஒண்ணுதான் கேக்குது. மேட்டுல ஒருத்தர் பேசினா, அந்த ஊளைக்குள்ள அவர் குரல் முங்கிப்போயிடுது."

கீழ் ஆன்டெனாவின் வயரைத் திருகிக் கழற்றினார். கையிலிருந்த கருவியின் கிறீச்சல் சட்டென்று அடங்கியது. மறுபடியும் மாட்டினார். கத்தியது. முடிச்சு அதை இரண்டு தடவை செய்து காட்டச் சொல்லிப் பார்த்தான். பிறகு, தான் கட்டிய கட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். வாழ்நாளில் முதல்முறையாக இறுக்கிக் கட்டியதற்காக அவன் திட்டு வாங்கியிருக்கிறான்.

"கடைக்காரன் சொல்லலையே" என்றான்.

"சொல்ல மாட்டான். அவனுக்கே தெரியாது."

"எத்தனை நாளா இந்த ஊளை?" என்று கேட்டாள் சும்மாடு.

"புகார் ஆரம்பிச்சது அந்தப் பெருமழைக்கு முந்தின வாரத்துலேருந்து. மழை அன்னைக்குத்தான் ரொம்ப மோசம். ஊரே ஒரே நேரத்துல போன் பண்ணியிருக்கு. எவருக்கும் நிக்கல."



மழைக்கு முந்தின வாரம்தான் பெட்டி மாட்டினார்கள். மழை வரப்போகிறது, சரிவில் ஆள் நிற்க முடியாது என்றுதான் அவசரம் அவசரமாக வாங்கியதே. மழையன்று சைக்கிள் கடைக்காரர் செருப்புக்கூட இல்லாமல் சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கி வந்தார். கையில் போன். "ஆம்புலன்சுக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன் அக்கா. போகுது, எடுக்குறாங்க, 'அம்மா'ன்னு சொல்றதுக்குள்ள அறுந்துடுது. வண்டி குடுங்க அக்கா." அவள் வண்டி கொடுத்தாள். தார்ப்பாயும் கொடுத்தாள். திரும்பி வந்த பிறகு அவர் சொன்னார்: டாக்டர் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா கை பிழைச்சிருக்கும்னு சொன்னாரு.

அந்தக் கைக்குத்தான் டயர் வந்தது.

கழுத்து வலி ஒரு நிமிஷம் காணாமல் போயிற்று. பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

*

கீழே இறங்கியதும் ஆபீஸ்காரர் பையிலிருந்து தாளை எடுத்தார்.

"பெட்டியை நான் எடுத்துட்டுப் போகணும். யாராவது ஒருத்தர் பேருல கைப்பற்றினதா எழுதணும். நோட்டீஸ் வரும். பதில் சொல்லணும். அபராதம் எவ்வளவுன்னு மேல இருக்கிறவங்க முடிவு பண்ணுவாங்க."

"ரெண்டையும் தள்ளி வச்சுட்டா ஊளை நின்னுடும்தானே?" என்றான் முடிச்சு. "நான் இப்பவே அவுக்குறேன்."

"ஊளை நிக்கும் தம்பி. ஆனா அனுமதி இல்லாத பெட்டி அனுமதி இல்லாத பெட்டிதான். நாளைக்கு வேற எவனாவது வேற மாதிரி கட்டுவான்."

கூட்டத்திலிருந்து ஒருவன் சும்மாட்டின் காதருகே வந்தான். "அக்கா, கையெழுத்து போடாதே. கேஸ்னா கிடங்குல வில்லையைப் பிடுங்கிடுவாங்க. யாரோ கட்டிட்டுப் போயிட்டாங்க, எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிடு. அநாதைப் பெட்டி."

"நம்ம வயர், நம்ம கம்பம், நம்ம முடிச்சு. அநாதையாம்" என்றாள் மருமகள்.

சும்மாடு இடுப்பிலிருந்த வில்லையைத் தொட்டுப் பார்த்தாள். கேஸ் இருக்கிறவர்களுக்குக் கிடங்கில் இடமில்லை, அது உண்மை. எழுத்தருக்கு அவளை வெளியேற்ற ஒரு சாக்கு கிடைத்தால் போதும். பெட்டியும் போய், வில்லையும் போனால், தலையில் வைக்க அவளிடம் கை மட்டும்தான் மிஞ்சும். ஆனால் தெரியாது என்று சொன்னால், கூரைமேல் அவள் காதில் விழுந்ததும் சேர்ந்து தெரியாததாகிவிடும். அது அவளுக்கு முடியவில்லை.

"பெட்டி என்னுது" என்றாள். "என் கூரைமேல இருக்கு, என் வீட்டுக் கரண்ட்டுல ஓடுது. எழுதுங்க. ஆனா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு வேலை செஞ்சு குடுக்கணும்."

"நான் உங்களுக்கு வேலை செய்ய வரலம்மா."

"தெரியும். கம்பெனிக்குத்தான் வந்தீங்க. அந்த மிஷின் சிக்னல் எவ்வளவு இருக்குன்னும் காட்டுமா, கத்துறதை மட்டும்தான் காட்டுமா?"

"ரெண்டும் காட்டும்."

"அப்போ பெட்டியை அணைச்சுட்டு என் வீட்டுக்குள்ள வாங்க. அளந்து எழுதுங்க."

"எதுக்கு?"

"கத்துறதை அளந்தீங்கல்ல? கத்தாம கிடக்குறதையும் அளங்க. நாங்க ஏன் இதை வாங்கி மாட்டினோம்னு அந்தத் தாள்ல இருக்கணும். இல்லன்னா படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? இதுங்களுக்குத் திமிரு, அதான் மாட்டுச்சுங்கன்னு நினைப்பாங்க."

"அதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லம்மா."

"பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு?"

வேன் ஓட்டி சிரித்தான். பிறகு அவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

ஆபீஸ்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாகத்தான் இருந்தது. "இது நடைமுறை இல்ல" என்றார்.

"நடைமுறைப்படி நடந்து நடந்துதான் சார் நாங்க சரிவுல நிக்குறோம். எழுத மாட்டேன்னா சொல்லுங்க. நான் கையெழுத்து போட மாட்டேன். நீங்க பெட்டியைத் தூக்கிட்டுப் போங்க, தடுக்கல. ஆனா பள்ளத்துல யாரும் கையெழுத்து போட மறுத்துட்டாங்கன்னு எழுதிக்கங்க. அதுக்குக் கட்டம் இருக்கும்."

அதற்குக் கட்டம் இருந்தது. அவருக்கும் அது தெரியும். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "எழுதினாலும் கம்பெனி கோபுரம் வச்சுடும்னு நினைக்காதீங்க" என்றார் கடைசியில்.

"நினைக்கல. எழுதி வாங்காம ஏமாந்தோம்னு இருக்கக்கூடாது."

பெட்டியை அணைத்தார்கள். அவர் சும்மாட்டின் அறைக்குள் வந்து நாலு மூலையிலும் கருவியைப் பிடித்தார். திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. எழுதினார். "அடுத்த ரூம்" என்றாள் அவள்.

"எல்லாமா?"

"என் ஒருத்தி வீட்டுல இல்லன்னா, வீட்டுல கோளாறும்பாங்க."

அறை அறையாகக் கூட்டிப்போனாள். உடம்பைத் திருப்பித் திருப்பி வழி காட்டினாள். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று வரவேற்றார்கள். "எங்க வீட்டுலயும் ஒண்ணும் இல்ல சார், நல்லா பாருங்க." "கட்டிலுக்கு அடியில பாருங்க, அங்க ஒளிஞ்சிருக்கும்." ஒரு அறையில் திரை சற்றே துடித்தபோது அந்த வீட்டுக்காரி பதறிப்போனாள், தன் வீட்டில் மட்டும் சிக்னல் இருந்து கெடுத்துவிடுமோ என்று. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியதுதான் காரணம். நிறுத்தியதும் கோடு செத்துப்போயிற்று. அவளுக்கு நிம்மதி.

நடுவில் மேட்டிலிருந்து ஒருவன் கத்தினான். எழுத்தர் கூப்பிட்டாராம், பள்ளத்துக்கு லைன் கிடைக்கவில்லை, சரக்கு மேட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டது என்று. யாரோ பல்லைக் கடித்தார்கள். சும்மாடு ஆபீஸ்காரரைப் பார்த்தாள். "கேட்டீங்களா? இதையும் எழுதுங்க."

அவர் எழுதினார். கேட்காமலே கீழே இன்னொரு வரியும் எழுதினார்: இவ்விடத்தில் சேவை இல்லாததே கருவி நிறுவப்பட்டதற்குக் காரணம், நிறுவனம் விளக்கம் அளிக்க வேண்டும். அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். மருமகள் போனில் படம் எடுத்துக்கொண்டாள். சும்மாடு தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இது ஒரு வேலை" என்றாள். "ரெண்டாவது, வித்தவன் கடை. வாங்கினவ வீட்டைத் தேடி வேன் வருது. அவன் கடைக்கு எப்போ போகும்?"

"போவோம். உத்தரவு வாங்கணும்."

"அதுக்குள்ள அவன் இன்னும் எத்தனை பேருக்கு வித்திருப்பான்? எத்தனை ஊளை வரும்? வாங்க, நான் வழி காட்டுறேன்." கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வேனின் முன்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வேன் ஓட்டி ஆபீஸ்காரரைப் பார்த்தான். அவர் பின்னால் ஏறினார். "ஓட்டு. இனிமே இவங்கதான் மேலதிகாரி."

*

சரிவில் ஏறி மேட்டுத்தெருவுக்குள் நுழைந்தபோது சைக்கிள் கடை வந்தது. சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நாற்காலியில் அவருடைய அம்மா, மடியில் கிடத்திய கையோடு. வேனில் சும்மாட்டைப் பார்த்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"என்னக்கா, பிடிச்சுட்டுப் போறாங்களா? ஜாமீனுக்கு நான் வரேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உடம்பை முழுசாகத் திருப்பியிருக்கலாம். காலையிலிருந்து அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தாள்.

செல்போன் கடையில் அதே மாதிரிப் பெட்டிகள் தரையிலிருந்து இடுப்பளவு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் அரசாங்க முத்திரை. ஆபீஸ்காரர் நகத்தால் சுரண்டினார். முத்திரை ஸ்டிக்கராக உரிந்து வந்தது. மேஜை இழுப்பறையில் அந்த ஸ்டிக்கர்கள் ஒரு சுருள் இருந்தது.

"ஆன்லைன்ல வர்றது சார்" என்றான் கடைக்காரன். "நான் வெறும் கை மாத்துறவன். இந்தம்மா விவரமில்லாம கட்டினா நான் என்ன பண்றது?"

"விவரம் உன்கிட்ட இருந்தாத்தானே எனக்குக் குடுப்பே? பானையில இருந்தாத்தான் அகப்பையில வரும்" என்றாள் சும்மாடு. "முத்திரையை நக்கி ஒட்டத் தெரிஞ்சிருக்கு. தள்ளிக் கட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல."

உத்தரவு இல்லாமலே கடையிலும் ஒரு தாள் எழுதப்பட்டது. அனுமதி இல்லாத பெட்டி கண்ணெதிரே இருக்கும்போது உத்தரவு தேவையில்லை என்று ஒரு விதி இருப்பது ஆபீஸ்காரருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது. அவளுடைய பெட்டியும் கடைப் பெட்டிகளும் ஒரே வேனில் ஏறின. கிளம்பும்போது அவர் சொன்னார்: "நோட்டீஸ் வரும்மா. அதை நான் நிறுத்த முடியாது."

"வரட்டும். பதில் எழுத எங்களுக்கும் வாய் இருக்கு. கம்பெனிக்கு எழுதினதுக்கு மட்டும் பதில் வரலன்னா, உங்க ஆபீஸ் வாசல்ல வந்து ஊளையிடுவோம். அந்த ஊளையைக் கண்டுபிடிக்க மிஷின் வேண்டாம்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கிடங்குக்கு அன்று சாயங்காலமே செய்தி போயிருந்தது. எழுத்தர் வில்லையைக் கழற்றி வைக்கச் சொன்னார். "நோட்டீஸ் வரட்டும், கேஸ் ஆகட்டும், அப்புறம் கேளுங்க, தர்றேன். அதுவரைக்கும் என் இடுப்பைத் தொடுற வேலை வச்சுக்காதீங்க" என்றாள். பின்னால் பதினேழு பேர் நின்றார்கள். எழுத்தர் கையை இழுத்துக்கொண்டார்.

*

மறுநாள் விடியலிலிருந்து பழைய முறை. சரிவில் நிற்கிற முதல் முறையை அவளே எடுத்துக்கொண்டாள். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனில் இப்போது சிக்னல் கோடுகள் நிறைய வந்தன. மேட்டில் எல்லோருக்கும் கால் நின்றது. ஒரு வீட்டில் யாரோ யாருடனோ நீளமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அறுந்துபோகாமல்.

அவள் நின்ற இடத்துக்கு எதிரே சைக்கிள் கடை திறந்தது. அவர் பலகைகளை எடுத்து வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவளருகில் போட்டார்.

"உக்காருங்கக்கா. கழுத்தை வச்சுக்கிட்டு ஏன் நிக்குறீங்க? பெட்டியைத் தூக்கிட்டாங்களாமே. அநியாயம். ஏழைங்கன்னா அவ்வளவு இளக்காரம்."

அவள் உட்காரவில்லை. "தம்பி" என்றாள். "அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. இடது கையால சாப்பிடப் பழகிட்டாங்க. கொஞ்சம் சிந்துறாங்க." அவர் வண்டியைப் பற்றி விசாரித்தார். "டயர் எப்படி? காத்து இறங்குதா?"

"இறங்கல."

ஆபீஸ்காரரிடம் பேசினாள், கடைக்காரனிடம் பேசினாள், எழுத்தரிடம் பேசினாள். யாரிடமும் வார்த்தைக்குப் பஞ்சம் வரவில்லை. அவர்களுக்கெல்லாம் அவள் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. இங்கே அப்படி இல்லை. வாயைத் திறந்தாள். "தம்பி, அந்த மழை அன்னைக்கு—"

போன் அடித்தது. எழுத்தர். முதல் மணிச்சத்தத்திலேயே எடுத்து, "வந்துட்டோம் சார்" என்றாள். பள்ளத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். கீழே கதவுகள் திறந்தன. அவள் சரிவில் இறங்கத் தொடங்கினாள். "என்னமோ சொல்ல வந்தீங்களேக்கா" என்று பின்னாலிருந்து அவர் கேட்டார். "வந்து சொல்றேன்" என்றாள்.

அது இன்னும் பாக்கி. உன் அம்மாவுக்கு ஆம்புலன்ஸ் வராமல் போனது எங்கள் கூரைமேல் இருந்த பெட்டியால்தான் என்று அவள் அவரிடம் சொல்லவில்லை. அந்த இரண்டு டயருக்கும் காசும் கொடுக்கவில்லை.